மூணு மணிக் கை

அக்கா செருப்பைக்கூடக் காலையில் வாங்கமாட்டார்.

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு செருப்புக் கடை இருந்தது. மகளை அங்கே கூட்டிப் போவது எப்போதும் சாயங்காலம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அந்தப் பெண் தெருவெல்லாம் ஓடி ஓய்ந்த பிறகு. "நாளு பூரா நடந்த காலுக்குத்தான் செருப்பு போட்டுப் பாக்கணும். தூங்கி எழுந்த காலு எதைப் போட்டாலும் சரிங்கும்" என்பார். தூரத்தில் இவர்கள் வருவதைப் பார்த்ததுமே கடைக்காரர் ஒரு அளவு பெரியதைக் கையில் எடுத்துக்கொள்வாராம்.

வாடகைக்கு வீடு பார்த்ததும் அப்படித்தான். மே மாதம், மத்தியானம் மூணு மணி. அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே போய் கால் மணி நேரம் பேசாமல் நின்றிருக்கிறார். வீட்டுக்கார அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னாம்மா, யார்னா வரணுமா?"

"இல்லம்மா. வூட்டைத்தான் பாத்துகினு இருக்கேன்."

அந்த வீடு வேண்டாம் என்று வந்துவிட்டார். அடுத்து பார்த்த வீடு இருட்டு, ஜன்னல் சின்னது. ஆனால் மூணு மணிக்கு அங்கே நிற்க முடிந்தது. அதற்குப் போனார்.

கல்யாணத்தைப் பற்றியும் ஒரே ஒரு தடவை சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் பக்கத்திலிருந்த பெண்களும் சிரித்தார்கள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தது காலையில பத்து மணிக்கு. தலை சீவி, பவுடர் போட்டு, எதச் சொன்னாலும் சிரிச்சிகினு இருந்தாரு. பன்னண்டு மணிக்குள்ள பேசி முடிச்சிட்டாங்க. சோத்தப் போட்டு ஒரு மூணு மணி வரைக்கும் உக்கார வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்." நான் அவரைப் பார்த்த காலத்தில் அந்த மனிதர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. எங்கே என்று நான் கேட்டதில்லை. அவரும் தேடியதாகத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனியில் அவருக்கு மூணு மணி அக்கா என்று பெயர். எனக்கு அவரைவிட ரெண்டு வயசு கூடவே இருக்கும். இருந்தும் எனக்கு அக்கா என்றுதான் வாயில் வந்தது. அவர் என்னை அண்ணா என்பார். இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

கம்பெனி என்று பெரிதாகச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் டயர் கடைக்கு மேலே ஒரு மாடி. நாற்பது கம்ப்யூட்டர், ரெண்டு ஏ.சி., ஒரு ஜெனரேட்டர். வெளிநாட்டிலிருந்து ஊர்களின் பழைய வரைபடங்கள் படமாக வரும். தெரு, சாக்கடை, வீட்டு மனை, மரம். நம் பெண்கள் அந்தக் கோடுகளின் மேலேயே மவுஸை வைத்துப் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து மறுபடி வரைய வேண்டும். நேர்த் தெரு என்றால் ரெண்டு கிளிக். வளைவு என்றால் இருபது. ஒரு ஏரிக்கரை வந்தால் அன்றைக்குப் பாதி நாள் போய்விடும். கருங்குழியிலிருந்து வரும் ஒரு பெண், வாயாடி, சொல்வாள்: "எனக்கு செங்கல்பட்டுல எந்த தெரு எங்க போவுதுன்னு தெரியாது. அந்த ஊர்ல எறக்கி வுட்டா கண்ண மூடிகினு வூடு போய்ச் சேருவேன்."

நான் ஒன்பதாவதோடு நின்றவன். லாரியில் கிளீனராக இருந்தேன். கோவளத்துக்குப் பக்கத்தில் உப்பளத்தில் இருந்தேன். பிறகு கடலோரம் இறால் பண்ணையில் காவல். ஒரு மழைக்காலத்தில் நோய் வந்து இறால் எல்லாம் செத்து மிதந்தது. ஓனர் ஊரை விட்டுப் போனார். நானும் போனேன். எங்கேயும் ரெண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்தது கிடையாது. இந்தக் கம்பெனியில் ஜெனரேட்டர் போடுவது, தண்ணீர் கேன் தூக்குவது, கூட்டுவது என் வேலை. அதோடு ஒரு வேலையை யாரும் சொல்லாமலே என் தலையில் வைத்தார்கள். தினமும் காலை எட்டரைக்கு முன் நாற்பது மவுஸையும் சுத்தம் செய்வது.

அப்போது மவுஸுக்கு வயிற்றில் ரப்பர் உருண்டை இருக்கும். அடியில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் உருண்டை கையில் விழும். உள்ளே சின்னச் சின்ன உருளைகள். அதில் கறுப்பாக நூல் சுற்றியதுபோல் அழுக்கு பிடித்திருக்கும். தீக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி அழுக்கு வரும். எல்லாம் கை வியர்வையும் தூசியும். சுத்தம் செய்யாவிட்டால் திரையில் அம்பு ஒரு இடத்தில் நின்றுகொண்டு நகராது. பெண்கள் டேபிளில் தட்டுவார்கள். "எலி டாக்டரே, என் எலி செத்துப்போச்சு" என்று கூப்பிடுவார்கள்.

அக்கா தட்டமாட்டார். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வாரம் அவர் எழுந்து என்னிடம் வந்தார். மணி மூணு இருக்கும். மவுஸைக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணா, இது வேற குடு."

"காலையிலதானே சுத்தம் பண்ணேன். நீயும் நல்லாருக்குன்னு சொன்ன."

"காலையில எதுதான் நல்லா இல்ல? இப்ப புடிச்சுப் பாரு."

பிடித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அமுக்காத. கைய மேல வச்சிட்டு சும்மா இரு. வெரலு அதுவா எங்க போயி நிக்குதுன்னு பாரு. பட்டன் மேல நின்னா அது உன் மவுஸு. நீ வெரல இழுத்துப் பட்டன்ல வச்சா, சாயங்காலத்துக்குள்ள அது உன்ன இழுக்கும்."

பிறகு என் உள்ளங்கையைப் பார்த்தார். உப்பளத்தில் வெடித்தது ஆறி, மறுபடி வெடித்து ஆறின கை அது. "உன் கை எந்நேரமும் மூணு மணிக் கைதான்ணா" என்றார். "உனக்கு எப்ப வேணா பாக்கலாம்."

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. புதுப் பெண் யார் சேர்ந்தாலும் அக்கா முதல் நாள் எதுவும் சொல்லமாட்டார். மத்தியானம் மூணு மணிக்குப் பின்னால் போய் நிற்பார். தோள் தூக்கியிருக்கிறதா, மணிக்கட்டு டேபிளைத் தொடுகிறதா, சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு என்னிடம் வந்து, "அண்ணா, மூணாவது வரிசையில கடைசி பொண்ணுக்கு அந்த மஞ்சள் பூத்ததக் குடு" என்பார். பழைய மவுஸ் ஒன்று மஞ்சள் பூத்துப் போயிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்தப் பெண்ணும் முகம் சுளிப்பாள். ரெண்டு நாள் கழித்து அதை யாராவது எடுத்துவிட்டால் சண்டைக்கு வருவாள்.

மவுஸைப் பிடுங்கிச் சொருகுவது என் வேலை. கம்ப்யூட்டரை அணைக்காமல் பிடுங்கினால் போர்டு போய்விடும் என்று மேனேஜர் சார் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அஞ்சு நிமிஷம் வேலை நிற்கும். சாருக்கு அது பிடிக்காது. அவர் திருநெல்வேலிப் பக்கம், சின்ன வயசு, கெட்டவர் இல்லை. தலைக்கு மேலே இருப்பவர்கள் கேட்கும் கணக்குக்கு இவர் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்டாக வரும். எல்லோருக்கும் ஒரே வரைபடம், ஒரு மணி நேரம். எத்தனை கோடு, எத்தனை தப்பு. கடைசியில் வருகிற ரெண்டு பேரோ மூணு பேரோ மறுநாள் வரமாட்டார்கள். டெஸ்ட் காலை ஒன்பதரைக்கு நடக்கும். அக்கா முதல் அஞ்சு பேருக்குள் வந்துவிடுவார்.

அவர் கையில் ஏதோ நடக்கிறது என்பதை அவருடைய மவுஸ்தான் எனக்குச் சொன்னது. தினமும் நாற்பதைத் துடைத்தால் எது யாருடையது என்று தெரியும். மற்றவர்களுடையதில் இடது பட்டனின் நுனி வழவழப்பாகி இருக்கும், விரல் நுனி படுகிற இடம். அக்காவுடையதும் அப்படித்தான் இருந்தது. ஒரு கோடைக்காலத்தில் அந்த வழவழப்பு நகர ஆரம்பித்தது. நுனியிலிருந்து பட்டனின் நடுவுக்கு. அவர் விரல் நுனியால் அழுத்துவதை விட்டுவிட்டார். விரலைப் படுக்க வைத்து, நடுப்பகுதியால் அழுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் மூடி அவர் கையிலிருந்து விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"எத்தன நாளாக்கா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "பொங்கல்லேர்ந்து. கட்டைவெரலு, இந்த ரெண்டு வெரலு. எறும்பு ஊர்ற மாரி இருக்குது. காலையில ஒண்ணுமே தெரியாது. மூணு மணிக்கு மேல இது என் கையே இல்ல."

"டாக்டர்?"

"பாத்தேன். ரெண்டு மாசம் கையத் தூக்கி வச்சிட்டு சும்மா இருன்னாரு. நான் சும்மா இருந்தா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?" மகள் அப்போது எட்டாவது. "இடது கையில புடிச்சுப் பாத்தேன் ஒரு வாரம். தப்பு ஜாஸ்தி வந்துச்சு. அண்ணா, சார் காதுக்குப் போவக்கூடாது."

போகாது என்றேன். அதைப் பொறுத்தவரை நான் வார்த்தை தவறவில்லை. தவறியது வேறு இடத்தில்.

அந்த வருஷம் மழைக்கு முன் புது வகை மவுஸ் வந்தது. உருண்டை கிடையாது, அடியில் சிவப்பு விளக்கு. சார் மெட்ராஸ் போய் மாதிரிக்கு ரெண்டு வாங்கி வந்தார். ஒன்று பெரியது. முதுகு உயர்ந்து, உள்ளங்கைக்கு அணைவாக, கறுப்பில் வெள்ளிக் கோடு போட்டது. இன்னொன்று சின்னது, தட்டை, சோப்புக்கட்டி மாதிரி. ஒரே மாதிரியில் நாற்பதும் வாங்க வேண்டும், ரெண்டு வகை வாங்கினால் உதிரிக்கும் ரெண்டு வகை வைக்க வேண்டும், ஆகவே எல்லோரும் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

திங்கட்கிழமை காலை. பெண்கள் வரிசையில் நின்று பிடித்துப் பார்த்தார்கள். பெரியதைப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது.

"சோபால உக்காந்த மாரி கீதுடி" என்றாள் கருங்குழிப் பெண். "இது போதும் சார். வாங்கிடுங்க."

சார் அக்காவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

"மூணு மணிக்குப் பாக்கலாம் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். சாரும்.

ஆனால் அக்கா ஒரு வாரம் விடவில்லை. தினமும் மூணு மணிக்கு ஆறு ஏழு பேரைக் கூப்பிட்டு, ரெண்டிலும் ஒரே தெருவை வரையச் சொன்னார். அவர் திரையைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். நானும் தண்ணீர் கேனோடு நின்று பார்த்தேன். காலையில் சோபா போலிருந்த மவுஸில் மூணு மணிக்குப் பெண்களின் மணிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. அவர்கள் கை சின்னது. உள்ளங்கை அந்த முதுகில் உட்கார்ந்தால் விரல் பட்டனுக்கு எட்டவில்லை. விரல் எட்டினால் உள்ளங்கை தூக்கிக்கொண்டது. அவர்களுக்கு அது தெரியவில்லை. தோளைத் தூக்கித் தூக்கிச் சமாளித்தார்கள். சோப்புக்கட்டியில் கை அப்படியே படுத்துக் கிடந்தது.

சனிக்கிழமை அக்கா சாரிடம் சின்னதைச் சொன்னார். சின்னது விலையும் குறைவு. சார் முகத்தில் அது தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாக்கா, சாருக்கு மிச்சம் புடிச்சுக் குடுத்துட்டியா?"

"உனக்கு இன்னா குடுத்தாரு? சும்மா சொல்லு."

கருங்குழிப் பெண் விடவில்லை. "இந்தக்கா கையி முறம் மாரி கீது. அந்தப் பெரிய மவுஸு இதுக்குத்தான் அளவு எடுத்துத் தச்ச மாரி இருந்துச்சு, நான் பாத்தேன். தனக்கே ஒத்து வந்தத வேணாங்குது பாரு. பேஜாரு புடிச்ச அக்கா."

அக்கா ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார், இடது கையால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு. "ஒரு மாசம் புடி. அப்புறம் என்னைத் திட்டு" என்றார். அவ்வளவுதான்.

நாற்பது சோப்புக்கட்டிகள் வந்தன. ஒரு மாதம் போனது. யாரும் திட்டவில்லை. திட்ட வேண்டும் என்பதே மறந்துபோய் வேலை செய்தார்கள். முன்னெல்லாம் தினம் அஞ்சாறு பேர் மத்தியானத்துக்கு மேல் மவுஸை மாற்று என்று என்னிடம் வருவார்கள். இப்போது யாரும் வரவில்லை.

சார் ஒரு நாள் என்னை நிறுத்திக் கேட்டார். "என்னய்யா, மவுஸ் கம்ப்ளெய்ண்டே இல்லையே? என்ன பண்ணின?"

"நான் இன்னா சார் பண்ணேன்? அக்கா பாத்து எடுத்தது." எனக்கு அவரைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பெண்கள் பேசின பேச்சு மனதில் கிடந்தது. அதனால் நின்று முழுதாகச் சொன்னேன். செருப்புக் கடை, அஸ்பெஸ்டாஸ் வீடு, எல்லாம். "காலையில யாரு கையும் உண்மையச் சொல்லாது சார். மூணு மணிக்குத்தான் தெரியும்னு அக்கா சொல்லும்."

"அடடா" என்றார் சார். நிஜமாகவே வியந்தார். சட்டைப் பையிலிருந்த சின்ன டைரியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். நான் சந்தோஷமாக ஜெனரேட்டர் பக்கம் போனேன்.

அடுத்த வாரம் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தது. இந்த முறை டெஸ்ட் மத்தியானம் மூணு மணிக்கு.

"மேடம்கிட்ட கத்துக்கிட்டதுதான்" என்று சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். "டயர்டா இருக்கும்போது எவ்வளவு முடியுதோ, அதுதான் உண்மையான ஸ்பீடு. கரெக்ட்தானே மேடம்?"

அக்கா அவரைப் பார்த்து, "கரெக்ட்தான் சார்" என்றார்.

டெஸ்டுக்கு எட்டு நாள் இருந்தது. நான் பழைய சாமான் வைக்கிற பீரோவைத் திறந்து அந்தப் பெரிய மவுஸை எடுத்தேன். ஸ்டேஷனரி அறையில் யாரும் உட்காராத ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் சொருகி வைத்துவிட்டு, மூணு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கையை மேலே வைத்துச் சும்மா இருந்தார். விரல் அதுவாகப் போய்ப் பட்டனில் நின்றது. பட்டன் மெத்தென்றிருக்கும், தொட்டாலே போதும். ஒரு தெரு வரைந்தார், இன்னொரு தெரு, ஒரு ஏரிக்கரை முழுசாக. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது நிமிஷம் ஆனது. ஒரு தடவைகூடக் கையை உதறவில்லை.

"எறும்பு?" என்றேன்.

"ஊருது. ஆனா வேல பண்ண வுடுது." கொஞ்ச நேரம் மவுஸிலேயே கையை வைத்திருந்தார். "இதாண்ணா என்னுது. மொத நாளே தெரியும்."

"அப்ப இதையே வச்சிக்கோ. டெஸ்ட் முடியட்டும்."

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். மவுஸைப் பிடுங்கி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, என் கையில் கொடுத்தார்.

"நாப்பது பேருக்கு வேணாம்னு சொன்னத என் டேபிள்ல வச்சிக்கச் சொல்றியா? ஏற்கெனவே நான் இன்னாமோ வாங்கிட்டேன்னு பேசினாங்க. இதப் பாத்தா, நல்லத ஒளிச்சி வச்சிட்டு நம்மள ஏமாத்திடுச்சின்னு சின்னதத் தூக்கிப் போட்டுட்டு, எல்லாரும் பெருசு கேப்பாங்க. அப்புறம் எல்லாக் கையும் என் கை மாரி ஆவும்."

"கை வலின்னு சொல்லிட்டுப் போயேன்."

"சொன்னா டெஸ்ட்டே வேணாம். அன்னிக்கே பேர எடுத்துடுவாங்க."

"அப்ப டெஸ்ட்ல இன்னா பண்ணுவ?"

"மூணு மணிக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாரிடம் சொன்னது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பீரோவில் மவுஸை வைத்துப் பூட்டினேன்.

டெஸ்ட் அன்று ஏ.சி. சரியாக வேலை செய்யவில்லை. நான் தண்ணீர் வைத்துவிட்டு வாசலில் நின்றேன். நாற்பது மவுஸ் சேர்ந்து கிளிக் செய்தால் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வரும். முதல் இருபது நிமிஷம் அக்கா மற்றவர்களைவிட முன்னால் இருந்தார். பிறகு கையை ஒரு தடவை உதறினார். பிறகு அடிக்கடி. மூன்றே முக்காலுக்கு இடது கையை எடுத்து வலது கையின் மேல் வைத்தார். இடது கை விரலால் வலது கை விரலை அழுத்தினார். அப்படியே ஒவ்வொரு கிளிக்காக.

பக்கத்து நாற்காலி கருங்குழிப் பெண்ணுடையது. அவள் திரும்பிப் பார்த்தாள். ரெண்டு கையும் ஒரு சோப்புக்கட்டியின் மேல் அடுக்கி இருப்பதைப் பார்த்தாள். அவளுடைய மவுஸ் சத்தம் நின்றுவிட்டது. டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்தாள்.

"சார், அந்தப் பெரிய மவுஸ அக்காவுக்குக் குடுங்க சார்."

சார் புரியாமல் பார்த்தார். "அது நல்லா இல்லன்னு அவங்கதானே சொன்னாங்க?"

"நம்ம கைக்கு நல்லா இல்ல சார். அது அக்கா கையி..."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உக்காருடி. உன் டைம் ஓடுது."

அவள் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். அவள் தப்பிவிட்டாள்.

பெயர்கள் வந்தபோது அக்கா கடைசியிலிருந்து ரெண்டாவது. சார் அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். வெளியே வரும்போது சார் முகம்தான் செத்துப்போயிருந்தது. அக்கா டிபன் பையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வரிசையாகப் போய், யார் நாற்காலி உயரம் தப்பாக இருக்கிறது என்று சொன்னார். என்னிடம் வந்தபோது, "போயிட்டு வரேண்ணா. மூணாவது வரிசை பொண்ணு தோள தூக்குது, பாத்துக்க" என்றார். அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு கடலோரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் அங்கே மேலும் ரெண்டு மாதம் இருந்தேன். பிறகு ஒரு போர்வெல் லாரியோடு போய்விட்டேன். அங்கிருந்து வேறு வேறு இடம். எங்கே போனாலும் முதல் நாள் காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை ஏழேகால் இருக்கும். பைபாஸ் நிறுத்தத்தில் லாரியை ஓரம் கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. நீலப் புடவையில் ஆயாம்மா ஒருவர் இறங்கிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பைகளையெல்லாம் இடது தோளில் மாட்டியிருந்தார். பிள்ளைகளை இடது கையால்தான் தூக்கிவிட்டார். அந்த இடது கையைப் பார்த்ததும் அக்காதான் என்று தெரிந்துவிட்டது. ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"அக்கா."

கொஞ்சம் பார்த்தார். "எலி டாக்டரு!" முகம் முழுக்கச் சிரிப்பு. முன் தலை நரைத்திருந்தது. "இன்னும் ஊரச் சுத்திகினுதான் கீறியா?"

மகள் நர்சிங் முடிக்கப் போகிறாள் என்றார். கருங்குழிப் பெண் கல்யாணப் பத்திரிகை அனுப்பினாள் என்றார். அவள் கை எப்படி என்று இவர் கேட்டு எழுதியதற்கு, நன்றாக இருப்பதாக எழுதியிருந்தாளாம். டிரைவர் ஹாரன் அடித்தார். அன்றைக்குச் சாரிடம் சொன்னது நான்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வேறு எதையோ கேட்டேன்.

"உன் கை எப்படிக்கா இருக்கு?"

அவர் வலது கையை எனக்கு முன்னால் நீட்டினார். விரல்களை மெதுவாக மூடினார், திறந்தார். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. படியில் ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டு, வேன் நகரும்போது சொன்னார்:

"காலையில நல்லாதாண்ணா கீது."